மலைமேல் ஒரு நாள் அதிகம்

7-5-1966, சனிக்கிழமை

ஞானமேரி டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்தார்கள். "மேல தேதி போடுங்க, கெழமை போடுங்க. அப்புறம் மனசுல இருக்கறத எழுதுங்க" என்றார்கள். மனசில் இருப்பது சந்தோஷம். எழுதிவிட்டேன். இன்னும் பக்கம் நிறைய மீதி இருக்கிறது.

இராப்பள்ளிக்கு ஒன்றரை வருஷமாகப் போகிறேன். வயது அறுபத்தேழு. ஒரு வரி எழுத ராயம்மாள் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரும் நேரம் ஆகிறது. "நாலு குடம் வந்தாச்சி, இன்னுமா முடியல?" என்கிறாள். அவள் என் மனைவி. அதையும் எழுதிவைக்கிறேன்.

விஷயம் இது. டீச்சர் மாதா சபைப் பெண்பிள்ளைகள் பதினோரு பேரை மலைமேல் கூட்டிப்போகிறார்கள். கூடாரம் போட்டு ஆறு நாள். துணைக்கு ஒரு ஆண் வேண்டும் என்று பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டார். சின்ன வயதில் அந்த மலையில் ஆடு மேய்த்தவன் நான். "சவரி, நீ போனா யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க" என்றார். ராயம்மாள் கேட்டுவிட்டு, "பேச என்ன இருக்குது, பல்லே நாலுதான்" என்றாள்.

உபதேசியார் வியாகுலமும் அங்கே இருந்தார். கோயில் மணி அடிப்பவர், சாமியார் ஊரில் இல்லாதபோது செபம் சொல்பவர். எல்லாக் கட்டளையும் அனுசரிப்பார், மற்றவர்கள் அனுசரிக்கிறார்களா என்றும் பார்ப்பார். அவர் மகள் பாக்கியமேரிக்குச் சேலத்தில் வாத்தியார் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு மாதமாக யோசிக்கிறார். இன்று சொல்லிவிட்டார்.

"ஆறு நாளு எங்கண்ணுல படாம ஒழுங்கா இருந்துட்டு வரட்டும். வேதக் கட்டளை ஒண்ணு தப்புனாலும் சேலம் கெடையாது. சவரி, நீதான் பொறுப்பு."

"சரிங்க" என்றேன். தலையில் ஒரு மூட்டை ஏறியது போல இருந்தது.

8-5-1966, ஞாயிறு

பென்சில் இரண்டு சீவி வைத்தேன். ஒன்றை எடுத்து ராயம்மாள் முதுகு சொறிந்தாள்.

9-5-1966, திங்கள்

மலை ஏறியாயிற்று. விடிகாலையில் அடிவாரம், உச்சிப்பொழுதில் மேலே. பிள்ளைகள் ஆட்டுக்குட்டி போல ஓடினார்கள். நான் ஒவ்வொரு பாறையிலும் உட்கார்ந்து, "இங்கதான் ஒரு தடவ சிறுத்தையப் பாத்தேன்" என்றேன். ஏழு பாறையில் சொன்னேன். பாக்கியமேரி, "தாத்தா, எல்லா சிறுத்தையும் நீங்க களைச்சுப்போற எடத்துலயே நின்னிருக்குதே" என்றாள். அவளுக்கு வாய் ஜாஸ்தி. கண்ணும் ஜாஸ்தி.

காளியப்பன் என்ற மலைக்காரர் வீட்டு ஓரத்தில், அவருடைய வறண்ட சாமைக் காட்டில் இடம் கொடுத்தார். அவர் மனைவி செல்லி. தங்கமான ஜனம். இந்த வருஷம் இன்னும் ஒரு சொட்டு மழை இல்லையாம்.

கூடாரம், சாமியார் தந்த அமெரிக்கா மாவு மூட்டைகளைப் பிரித்துத் தைத்தது. அதன்மேல் எழுத்தாக இருந்தது. ஆசையாகப் போய் நின்றேன். இங்கிலீசு. பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. போன வருஷம் வரை எல்லா எழுத்தும் எனக்கு இப்படித்தான் இருந்தது.

மூன்று கூடாரத்தில் ஒன்று இரண்டு தடவை விழுந்தது. இரண்டாம் தடவை உள்ளே நான் இருந்தேன்.

டீச்சர் கைக்கடிகாரம் வைத்திருக்கிறார்கள். காலண்டர் யாரும் கொண்டுவரவில்லை. காளியப்பனைக் கேட்டால், "நாங்க எறங்கற அன்னிக்கித்தானுங்க எங்களுக்குச் சந்தை" என்கிறார். ஆகையால் தேதியும் கிழமையும் என் நோட்டில்தான் இருக்கிறது. டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னார்கள். பிள்ளைகள் கை தட்டினார்கள். எழுந்து நின்று கும்பிட்டேன். கூடாரக் கயிறு தடுக்கி மறுபடியும் உட்கார்ந்தேன்.

10-5-1966, செவ்வாய்

டீச்சருக்குக் காய்ச்சல். போர்த்திப் படுத்துவிட்டார்கள். செல்லி ஏதோ தழையை அரைத்து நெற்றியில் போட்டாள். பாக்கியமேரி பொறுப்பை எடுத்துக்கொண்டாள்.

மத்தியானக் களி நான் சொன்ன முறையில் கிண்டினோம். எங்கள் வீட்டில் கேழ்வரகு மாவைக் கொட்டி, செபமாலையில் பத்து மணி சொல்லி முடிக்கும்வரை கிண்டுவோம். அப்போது பக்குவம் சரியாக இருக்கும். பிள்ளைகளைச் சொல்லச் சொன்னேன். நான் ஒரு மணி சொல்லும் நேரத்தில் அவர்கள் நாலு மணி சொல்லிவிட்டார்கள். ஆமென் வந்துவிட்டது, களி வேகவில்லை. அந்த வேகத்தில் மாதாவுக்கே காதில் விழுந்திருக்காது.

பச்சை மாவுக் களியைத் தின்றோம். வயிறு கல். கொஞ்சம் படுக்கிறேன்.

11-5-1966, புதன்

நல்ல தூக்கம். எழுந்தபோது மலை முழுக்கப் பனி மூட்டம், வானம் லேசாகச் சிவந்திருந்தது, காளியப்பன் வீட்டுச் சேவல் கூவிற்று. இவ்வளவு நன்றாக நான் தூங்கி வருஷக்கணக்கு ஆகிறது. சுனையில் முகம் கழுவி, சாம்பலால் பல் விளக்கினேன்.

பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "தாத்தா, இப்ப போயி பல்லு வெளக்கறீங்களே?" என்றாள் ஒருத்தி. "பின்ன எப்ப வெளக்குவாங்க?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாலு பல்லை விளக்குவதில் என்ன சிரிப்பு?

எழுந்ததும் எழுந்திராததுமாகக் களி கிண்டுகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பசி அதிகம்.

ஒன்று கவனித்தேன். மலையில் பகல் ரொம்பச் சிறியது. பல் விளக்கி, களி தின்று, நாலு வரி எழுதுவதற்குள் இருட்டிவிட்டது. காளியப்பனிடம் சொன்னேன். "ஆமாங்க, மேல பொழுது சிறுசுதானுங்க" என்றார். சின்ன வயதில் இதை நான் கவனிக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தால் இப்படி எல்லாம் கண்ணில் படுகிறது.

12-5-1966, வியாழன்

காலையில் டீச்சருக்குக் காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்து, "இன்னிக்கி என்ன கெழமைங்க?" என்றார்கள். நோட்டைப் பார்த்து, "வியாழக்கெழமைங்க" என்று படித்தேன்.

பாக்கியமேரி, "இல்லீங்க டீச்சர், இன்னிக்கி பொதன்" என்றாள்.

"நோட்டுல இருக்குது பாரு கண்ணு."

"நோட்டுல இருந்தா ஆச்சா தாத்தா? திங்கக்கெழமை ஏறினோம். ரெண்டு ராத்திரிதான படுத்து எழுந்தோம்."

"மூணு" என்றேன்.

மற்றவர்களைக் கேட்டோம். இரண்டு பேர் புதன் என்றார்கள், மூன்று பேர் வியாழன் என்றார்கள், மற்றவர்கள் லீவில் கிழமை எதற்கு என்றார்கள். டீச்சர் யோசித்து, "நான் கண்ணே தொறக்கல. எழுதி வெச்சவரு சொல்றதுதான் கணக்கு" என்றார்கள். பாக்கியமேரி என் நோட்டை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. படித்த பிள்ளை, கிழமை தெரியவில்லையே.

குரங்குகள் பால் பவுடர் மூட்டையைக் கிழித்துவிட்டன. பெரிய கடுவன் தலையை உள்ளே விட்டு எடுத்தது, முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தது. அதைப் பார்த்து மற்ற குரங்குகள் பயந்து கத்திக்கொண்டு ஓடின. அதுவும் ஏன் என்று தெரியாமல் அவற்றின் பின்னாலேயே ஓடிற்று. நாங்கள் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டோம். டீச்சருக்கு மீதிக் காய்ச்சலும் அதில் போயிற்று.

13-5-1966, வெள்ளி

சுத்தபோசனம். வெள்ளிக்கிழமை கறி, கோழி எதுவும் கூடாது என்பது நம் வேதத்தில் கட்டளை. உபதேசியார் முகம் கண்முன் நின்றது. கீரையும் களியும் மட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மரத்துக்கு மரம் நின்று சிலுவைப் பாதை செபம் சொன்னோம். பாக்கியமேரியும் வந்தாள். "இன்னிக்கி வியாழன். செபம் பண்ணா தப்பில்ல, வரேன்" என்றாள்.

சாயங்காலம் மழை!

என்ன மழை! கூடாரம் மூன்றும் படுத்துவிட்டன. எல்லாரும் காளியப்பன் வீட்டுக்குள் ஓடினோம். காளியப்பன் மட்டும் வெளியே ஓடினார். காட்டு நடுவில் வாயைத் திறந்துகொண்டு நின்றார். செல்லி வாசலில் நின்று, "யோவ், உள்ள வாய்யா, சளி புடிக்கும்" என்று கத்தினாள். கத்திக்கொண்டே அவளும் இறங்கிப் போய் நனைந்தாள்.

14-5-1966, சனி

காலையில் செல்லி இரண்டு சேவலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். "நீங்க வந்த காலோட மழை வந்துச்சி. கறி ஆக்கிப் போடாம அனுப்ப மாட்டேன்" என்றாள். இருந்ததே மூன்று சேவல். அதில் இரண்டு.

டீச்சர் என்னைப் பார்த்தார்கள். நான் நோட்டைப் பார்த்தேன். "சனிக்கெழமைங்க. தாராளமா தின்னலாம்" என்றேன்.

மத்தியானம் எல்லாருக்கும் இலை போட்டாள். மிளகு அரைத்த குழம்பு. அந்த வாசனைக்கு எனக்கு இல்லாத பல்லும் கூசிற்று. பாக்கியமேரி மட்டும் கை வைக்கவில்லை.

"இன்னிக்கி வெள்ளிங்க தாத்தா. எனக்கு நல்லாத் தெரியும். நான் திங்க மாட்டேன்" என்றாள் மெதுவாக.

செல்லிக்குக் கிழமைக் கதை எல்லாம் தெரியாது. அகப்பையோடு அப்படியே நின்றாள். "ஏன் பாப்பா, எங்க வூட்டுக் கறி ஆவாதா?" என்றாள். முகம் சுருங்கிவிட்டது. காளியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் மெல்லவில்லை.

பாக்கியமேரி செல்லியைப் பார்த்தாள். பிறகு குழம்பில் கை விட்டு ஒரு கழுத்துத் துண்டை எடுத்துத் தின்றாள். "நல்லாருக்குதுங்க ஆத்தா" என்றாள். செல்லி பெருமூச்சு விட்டு, எல்லாருக்கும் இன்னொரு அகப்பை ஊற்றினாள்.

கை கழுவும்போது என்னிடம், "உங்களுக்கு எல்லாம் பாவமில்ல தாத்தா, உங்களுக்குச் சனிக்கெழமை. எனக்குத்தான் வெள்ளி" என்றாள். பிடிவாதக்காரி.

நாளை விடியுமுன் இறங்கினால்தான் ஞாயிறு பூசைக்குப் போக முடியும்.

15-5-1966, ஞாயிறு

(மேலே இருப்பது தப்பு. 14-5-1966, சனி.)

அய்யோ. என்னத்த எழுதறது. 

பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கினோம். ஊர் எல்லையிலிருந்து மாதா பாட்டு. பன்னிரண்டு குரலோடு என் குரலும். கோயிலுக்கு நேராகப் போனோம். பூட்டிக் கிடந்தது. சாமியார் பனியனோடு பின்னால் பூசணிக் கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "ஏன் ஒரு நாள் முந்தி வந்துட்டீங்க? யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார்.

"பூசைக்கு வந்தோமுங்க சாமி."

"என்ன பூசை?"

"ஞாயித்துக்கெழமை பூசைங்க."

சாமியார் தண்ணீர் வாளியைக் கீழே வைத்தார்.

அதற்குள் தாய்மார்கள் ஓடிவந்துவிட்டார்கள். ஒரு வாயாடிப் பிள்ளை அவள் அம்மாவிடம், "நேத்து ரெண்டு சேவலும்மா! மொளகுக் கொழம்பு!" என்றாள். "நேத்து வெள்ளிடீ!" என்றாள் அம்மா. கூட்டம் அப்படியே நின்றுபோனது. அந்த நேரம் பார்த்து உபதேசியார் சாவிக்கொத்தோடு வருகிறார்.

நோட்டை வைத்துக்கொண்டு சாமியார் ஒவ்வொரு நாளாகக் கேட்டார். புதன்கிழமையில் நிறுத்தினார். "சவரி, அன்னிக்கி நீ எழுந்தப்ப சூரியன் எந்தப் பக்கம் இருந்துச்சி?" என்றார். யோசித்தேன். கூடாரத்துக்குப் பின்பக்கம். மேற்கு. அது விடியல் இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே எழுந்து, பல் விளக்கி, அடுத்த நாள் தேதியைப் போட்டிருக்கிறேன்! பிள்ளைகள் கிண்டியது ராத்திரிக் களி.

எழுத்துத் தெரியாத காலத்தில் எனக்கு ஒரு நாளும் கிழமை தப்பியதில்லை. ஆடே சொல்லிவிடும். எழுதி வைத்து ஏமாந்தேன். நான் ஏமாந்தது பரவாயில்லை, பன்னிரண்டு பேருக்கு வெள்ளிக்கிழமையில் கோழி போட்டேனே!

சாமியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, பூசணிக் கொடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "தெரியாம தின்னதுல பாவமில்ல" என்றார். உபதேசியார் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டார். "வெள்ளின்னு தெரியுமா?" "தெரியாதுங்க." "தெரியுமா?" "தெரியாதுங்க." மகளிடம் வந்தார். அவள் பேசவில்லை. அவர் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு என்னிடம், "நாளைக்கி பூசை முடிஞ்சதும் அந்த நோட்டைக் கொண்டா" என்றார்.

நோட்டில்தான் எல்லாம் இருக்கிறதே. அவள் வெள்ளி என்று சொன்னதும் இருக்கிறது, தெரிந்தே தின்றதும் இருக்கிறது.

ராயம்மாள், "கிழிச்சி அடுப்புல போடு. கேட்டா எலி தின்னுச்சின்னு சொல்லு" என்கிறாள். எலி ஒரு தாளை மட்டும் அளவெடுத்தா தின்னும்? ஆனாலும் தாளைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு இழுப்புதான். அந்தப் பெண்ணுக்குச் சேலம் மிச்சம். என் கையால் எழுதியது என்றாலும் ஒரு பிள்ளையின் படிப்பைவிடப் பெரிதா?

அப்போது பாக்கியமேரியே வந்தாள். ராயம்மாள் சொன்னதைக் கேட்டுவிட்டாள். "கிழிக்காதீங்க தாத்தா. நானே சொல்லணும்னுதான் நின்னேன். அப்பா மொகத்தப் பாத்ததும் வாய் வரல. நோட்டே சொல்லட்டும்" என்றாள். கண் கலங்கியிருந்தது. ராயம்மாள் அவளுக்கு மோர் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

15-5-1966, ஞாயிறு

நிஜ ஞாயிறு. மூன்று பேரிடம் விசாரித்து எழுதுகிறேன்.

பூசைக்கு முன்னால் மலைக்குப் போன எல்லாரும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றோம். ஊரே வேடிக்கை பார்த்தது. பாக்கியமேரி போய்விட்டு வந்தாள், முகம் தெளிவாக இருந்தது. என் முறை வந்து முழங்கால் போட்டதும் சாமியார் கேட்டது: "குழம்பு எப்படி இருந்துச்சி?"

பூசை முடிந்து உபதேசியார் கோயில் படியில் உட்கார்ந்து நோட்டைப் படித்தார். நான் எதிரில் நின்றேன். என் எழுத்தைப் படிக்க அவருக்கே நேரம் ஆனது. பல் விளக்கிய இடத்தில் மீசை ஆடியது. பகல் ரொம்பச் சிறியது என்ற இடத்தில் துண்டால் வாயை மூடினார். சனிக்கிழமைப் பக்கம் வந்ததும் துண்டு கீழே வந்தது. இரண்டு தடவை படித்தார்.

"இந்த செல்லி மொகம் நெசமாவே சுருங்கிப்போச்சா?"

"ஆமாங்க. அகப்பையோட நின்னுச்சிங்க, பாவம். எங்களுக்கே தொண்டையில எறங்கல."

"இவ தின்னது கழுத்துதானா?"

"கழுத்துதானுங்க. ஒண்ணே ஒண்ணு."

"கழுத்துல என்ன கறி இருக்குது" என்றார்.

நான் கோயில் கூரையைப் பார்த்தேன். எனக்குத் தொடை வந்தது.

மறுபடியும் பக்கத்தைப் புரட்டினார். "பொதங்கெழமையில இருந்து சொல்லியிருக்கா. நீ, டீச்சரு, நோட்டு, எல்லாம் ஒரு பக்கம். இவ ஒருத்தி ஒரு பக்கம்."

"நாங்கதான் கேக்கலீங்க."

"கேக்க மாட்டீங்க. எங்க கேக்கறீங்க." கொஞ்ச நேரம் மகள் போன வழியைப் பார்த்தார். "தெரிஞ்சி தின்னா, சாமிகிட்ட சொல்லிட்டா. அது அவளுக்கும் சாமிக்கும். நான் அதுல வர மாட்டேன்." நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். எழுந்து சாவியை இடுப்பில் செருகினார். நாலு படி இறங்கி நின்றார்.

"சேலத்துல அந்த ஆஸ்டல்ல வெள்ளிக்கெழம என்ன சோறு போடுவாங்கன்னு டீச்சரக் கேட்டுச் சொல்லு."

நான் ஓடினேன். அறுபத்தேழு வயதில் ஓடினேன். டீச்சர் வீட்டு வாசலில் மூச்சு வாங்கியதில் கேள்வியே மறந்துவிட்டது. திரும்பி வந்து கேட்டுக்கொண்டு மறுபடியும் ஓடினேன்.

22-5-1966, ஞாயிறு

சாமியார் எனக்குக் கொடுத்த தண்டனை: தினமும் காலையில் கோயில் வாசல் பலகையில் தேதியும் கிழமையும் சாக்பீசால் எழுதவேண்டும். இதுவா தண்டனை! எழுதி முடித்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்க்கிறேன். உபதேசியார் வந்து பஞ்சாங்கத்தை வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் மணி அடிக்கிறார்.

காளியப்பன் மிளகாய் வாங்க இறங்கினார். சாமை முளைத்துவிட்டதாம். மிஞ்சிய சேவலை இனி யார் வந்தாலும் அறுக்கப்போவதில்லை என்று செல்லி சொல்லிவிட்டாளாம்.

13-6-1966, திங்கள்

காலை பஸ்ஸில் பாக்கியமேரி சேலம் போனாள்.

தகரப் பெட்டியை வண்டியில் ஏற்றலாம் என்றேன். உபதேசியார் கேட்கவில்லை. துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து, பெட்டியை ஏற்றிக்கொண்டு ரோடு வரை அவரே நடந்தார். மகள் பின்னால் கை வீசிக்கொண்டு வந்தாள். ஊரில் அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை.

கண்டக்டரிடம், "சேலத்துல ஸ்டாண்டுல எறக்கி விடுங்க" என்று ஐந்து தடவை சொன்னார். கண்டக்டர், "பஸ்ஸே அங்கதானுங்க நிக்கும்" என்றார். ஆறாவது தடவையும் சொன்னார். பாக்கியமேரி ஜன்னலில் தலையை நீட்டி, "அப்பா, வெயில்ல நிக்காதீங்க" என்றாள். பஸ் போய்விட்டது.

புழுதி அடங்கும்வரை நின்றோம். அடங்கிய பிறகும் நின்றோம்.

"வெயிலு ஏறுதுங்க, வாங்க" என்றேன்.

"நீ போ சவரி. நான் வரேன்" என்றார்.

நானும் போகவில்லை. பெட்டி போன பிறகும் சும்மாடு அவர் தலையிலேயே இருந்தது. எடுத்துவிடுங்க என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.